வேப்பிலையில் செய்த வெள்ளித் துகள்தான் செல்லைக் கொன்றதா? எம்டிடி எண்ணை எழுதுவதற்கு முன்

கேள்வி இது: "வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகளும் தங்க நானோ துகளும் செய்திருக்கிறேன். வெளி லேபில் கொடுத்துப் புற்றுநோய்ச் செல்லில் எம்டிடி சோதனை பார்த்தோம். வெள்ளி நன்றாகக் கொல்கிறது, பாதிச் செல் சாகும் அளவு மில்லிக்கு 40 மைக்ரோகிராம் சுமாருக்கு வருகிறது. தங்கத்திலோ அளவைக் கூட்டக் கூட்ட, உயிரோடு இருக்கும் செல் 100 சதவீதத்தைத் தாண்டிப் போகிறது. இதை அப்படியே கட்டுரையாக எழுதலாமா? முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றால் எப்படிச் செய்வது?"

அப்படியே எழுத வேண்டாம். (எம்டிடி என்பது எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று சாயத்தின் நிறத்தை வைத்துப் பார்க்கும் சோதனை.) உங்கள் எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை எதனுடைய எண்கள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. சோதனைத் தட்டில் செல் வளரும் குழியில் நீங்கள் விட்ட திரவத்தில் வெள்ளித் துகள் மட்டும் இல்லை. துகளிலிருந்து கரைந்த வெள்ளி அயனி இருக்கும், வினையில் தீராமல் மிஞ்சிய வெள்ளி நைட்ரேட் இருக்கும், வேப்பிலைச் சாற்றின் மிச்சம் இருக்கும், பெரும்பாலும் வெள்ளி குளோரைடும் இருக்கும். இதில் எது செல்லைக் கொன்றது என்று பிரித்துச் சொல்வதுதான் நச்சுத்தன்மைச் சோதனையின் வேலை. அதற்கு வேண்டியவை கண்ட்ரோல் குழிகள், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழிகள். நம் கல்லூரிகளிலிருந்து வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் காணாமல் போவதும் அவைதான்.

முதலில் தயாரிப்பைப் பார்ப்போம். இலைச் சாற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான தங்கக் கூழ்மத்தை (நுண்துகள் படியாமல் மிதக்கும் திரவம்) கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிறத் தங்கக் கூழ்மத்தை மைக்கேல் ஃபாரடே 1857லேயே பாஸ்பரஸைக் கொண்டு செய்து, அந்த நிறம் மிக நுண்ணிய தங்கத் துகள்களால் வருகிறது என்று சொல்லிவிட்டார். இன்று எல்லா லேபிலும் செய்யும் சிட்ரேட் முறை 1951இல் டர்கெவிச்சும் உடன் வேலை செய்தவர்களும் ஆராய்ந்தது. 1973இல் ஃப்ரென்ஸ் அதையே, சிட்ரேட் அளவை மாற்றித் துகள் அளவை மாற்றும் முறையாக ஆக்கினார். 0.01 சதவீத குளோரோஆரிக் அமிலக் கரைசல் 50 மில்லியைக் கொதிக்க வைத்து, 1 சதவீத சோடியம் சிட்ரேட் 1 மில்லி ஊற்றினால் சுமார் 16 நானோமீட்டர் துகள் கிடைக்கும். சிட்ரேட்டை அரை மில்லியாகக் குறைத்தால் 41 நானோமீட்டர், 0.3 மில்லியாகக் குறைத்தால் 70க்குக் கொஞ்சம் மேல். சிட்ரேட் குறையக் குறைய, தொடக்கத்தில் உருவாகும் கருக்கள் குறைகின்றன. இருக்கிற தங்கமெல்லாம் அந்தச் சில கருக்கள்மேல் ஏறிப் பெரிய துகளாகிறது.

செய்யும்போது கண்ணைக் குடுவையிலிருந்து எடுக்காதீர்கள். வெளிர்மஞ்சளாகக் கொதிக்கும் கரைசல் சிட்ரேட் விழுந்ததும் நிறமற்றுப் போகும். கொஞ்ச நேரத்தில் மையைக் கலக்கினாற்போல் கருநீலமாகும், அப்புறம் ஊதாவாகி, கடைசியில் திராட்சை ரசச் சிவப்பில் நிற்கும். சிவப்பில் நின்ற பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஊதாவிலேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் கண்ணாடிச் சாமான் சரியாகக் கழுவப்படவில்லை. குடுவையையும் காந்தக் கலக்கியையும் ராஜ திராவகத்தில் கழுவி, தூய நீரில் பலமுறை அலச வேண்டும். ராஜ திராவகம் என்பது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். புகைப் பெட்டிக்குள், அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள். ஒருபோதும் பாட்டிலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

இப்போது இந்தக் குடுவையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது? 50 மில்லியில் அமில உப்பு 5 மில்லிகிராம், அதில் தங்கம் ஏறத்தாழ பாதி. ஆக மில்லிக்கு 50 மைக்ரோகிராம் தங்கம். எல்லாம் 16 நானோமீட்டர் துகளாக ஆனதென்று கணக்கிட்டால் மில்லிக்கு ஒரு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் அதிகமான துகள்கள், மோலார் கணக்கில் 2 நானோமோலார். இதில் பத்து மைக்ரோலிட்டரை செல் வளர்க்கும் மீடியம் 90 மைக்ரோலிட்டரில் விட்டால் குழியில் மில்லிக்கு 5 மைக்ரோகிராம்தான். அதனால் ஒரு கட்டுரையில் சிட்ரேட் தங்கம் மில்லிக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்ததாக எழுதியிருந்தால், அதை எப்படிச் செறிவாக்கினார்கள், செறிவாக்கியதில் துகள் திரளவில்லையா என்று கேட்க வேண்டும். சிட்ரேட் போர்த்திய துகளை வேகமாகச் சுழற்றி அடியில் இறக்கினால் திரும்பக் கரையாமல் கட்டியாவது அடிக்கடி நடப்பது.

இதே கணக்கை உங்கள் வேப்பிலை வெள்ளிக்கும் போட்டுப் பாருங்கள். வழக்கமாக எல்லாரும் செய்வது 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 90 மில்லியில் இலைச் சாறு 10 மில்லி. அந்த 90 மில்லியில் உள்ள மொத்த வெள்ளி 9.7 மில்லிகிராம். ஒரு அணுகூட வீணாகாமல் துகளானாலும் அதற்கு மேல் வெள்ளி வராது. சுழற்றிக் கழுவிக் காய வைத்து எடுத்த தூளை எடை பார்த்தீர்களா? 30 மில்லிகிராம் வந்திருந்தால் அதில் குறைந்தது 20 மில்லிகிராம் வெள்ளி இல்லை, இலையிலிருந்து வந்த பொருள். அந்தத் தூளை நிறுத்து, கரைத்து, "மில்லிக்கு 40 மைக்ரோகிராம்" என்று சொல்லும்போது நீங்கள் சொல்வது தூளின் எடை, வெள்ளியின் எடை அல்ல. இரண்டு லேப்களின் ஐசி50 (பாதிச் செல் சாகும் அளவு) எண்கள் பத்து மடங்கு வித்தியாசப்படுவதற்கு இதுவே போதும். வெள்ளி எவ்வளவு என்பதை நைட்ரிக் அமிலத்தில் செரித்து, ஐசிபி கருவியிலோ அணு உறிஞ்சல் கருவியிலோ அளந்து எழுதுங்கள்.

இலைச் சாறு முறையையே நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004இல் வேப்பிலைக் கஷாயத்தில் தங்கமும் வெள்ளியும், தங்கத்தின் மேல் வெள்ளி போர்த்திய துகளும் செய்து வெளியிட்டது நல்ல வேலை. சாறு உலோக உப்பை ஒடுக்குகிறது, கூடவே துகளைத் திரளாமலும் காக்கிறது. அதற்குப் பிறகு துளசி, நிலவேம்பு, கற்றாழை என்று நம் ஊர்ச் செடிகள் எல்லாவற்றிலும் செய்தாகிவிட்டது. எந்தச் செடியில் வரும் என்ற கேள்விக்கு இனிமேல் பெரிய மதிப்பில்லை. பாலிஃபீனாலும் சர்க்கரையும் உள்ள எந்தச் சாறும் வெள்ளியை ஒடுக்கும். வந்த பொருள் என்ன, அதன் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்ற கேள்விதான் மிச்சம் இருக்கிறது.

தூளில் என்னென்ன படிகப் பொருள் இருக்கிறது என்று காட்டும் உங்கள் எக்ஸ்ரே விளிம்பு விளைவு (எக்ஸ்ஆர்டி) வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தாமிரக் கதிரில் எடுத்திருந்தால் வெள்ளி உலோகத்தின் உச்சிகள் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரிகளில் வரும். அவற்றோடு 27.8, 32.2, 46.2 டிகிரிகளிலும் கூர்மையான உச்சிகள் இருக்கின்றனவா? இலைச் சாற்றில் செய்த வெள்ளியில் இவை வருவது சகஜம். "சாற்றிலுள்ள கரிமப் பொருள் படிகமானதால் வந்தவை" என்று ஒரு வரி எழுதித் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. அவை வெள்ளி குளோரைடின் உச்சிகள். இலையில் குளோரைடு உண்டு, வெள்ளி நைட்ரேட்டைக் கண்டவுடன் அது வெள்ளி குளோரைடாகப் படியும். அதிலும் 32.2 டிகிரி உச்சி உங்கள் வரைபடத்தில் வெள்ளியின் உச்சியைவிட உயரமாக நின்றால், நீங்கள் செல்லுக்குக் கொடுத்தது பெரும்பாலும் வெள்ளி குளோரைடு. தலைப்பிலிருந்தே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

ஒப்பீட்டுக்குச் சாறில்லாத வெள்ளி வேண்டும் என்றால் போரோஹைட்ரைடு முறை எளிது. 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 30 மில்லியை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கலக்கிக்கொண்டே, 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிந்த மஞ்சளாக வரும், 400 நானோமீட்டர் அருகில் உறிஞ்சல் உச்சி. போரோஹைட்ரைடு அன்றைக்குக் கரைத்ததாக இருக்க வேண்டும். சொட்டு முடிந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள், மேலும் கலக்கினால் சாம்பல் நிறமாகித் திரளும்.

பிளாட்டினம், பல்லேடியம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் உச்சி காட்டாமல் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், அதனால் திரண்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. வினையில் மிஞ்சிய பிளாட்டின உப்பைக் கழுவி எடுக்காவிட்டால் செல்லை அதுவே பதம் பார்க்கும். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தே ஒரு பிளாட்டினச் சேர்மம் என்பதை மறக்க வேண்டாம்.

மிச்சப் பொருள் எப்படி ஆளை ஏமாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் தங்கக் குச்சிகள். குச்சி வடிவத் தங்கத்தைச் செய்ய சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளை 0.1 மோலார் வரை ஊற்றுவார்கள். இந்தக் குச்சிகள் செல்லைக் கொல்கின்றன என்று பலர் எழுதினார்கள். தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கேதரின் மர்பியின் குழு 2009இல் ஒரு எளிய காரியம் செய்தது. குச்சிக் கரைசலைச் சுழற்றிக் குச்சிகளை அடியில் இறக்கிவிட்டு, மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லுக்குக் கொடுத்தார்கள். குச்சியே இல்லாத அந்த நீரும் குச்சிக் கரைசல் அளவுக்குக் கொன்றது. கொன்றது தங்கம் இல்லை, நீரில் கரைந்திருந்த சிடிஏபி. இந்தச் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இதையே செய்யுங்கள். துகளை எடுத்துவிட்ட தெளிந்த நீருக்கு ஒரு வரிசைக் குழிகளை ஒதுக்குங்கள். மூலக்கூற்று எடை 10 கிலோடால்டனில் தடுக்கும் வடிகட்டிக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது, மிகச் சிறிய துகளும் மேலேயே நின்றுவிடும்.

வெள்ளிக்கு இது கட்டாயம், ஏனென்றால் வெள்ளித் துகள் நின்ற இடத்தில் நிற்காது. நீரில் கரைந்த ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பை அரித்து அயனியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ ஆல்வரெஸ் குழு 2012இல் இதைத் தெளிவாகக் காட்டியது. காற்றே இல்லாத சூழலில் வெள்ளித் துகளை ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கொடுத்தார்கள், அயனி வர வழியில்லை. பாக்டீரியா சாகவில்லை. காற்றுப் பட்டு அயனி வெளியே வந்தால்தான் செத்தது. ஜெர்மனியில் ஒரு குழு 2010இல் வேறொன்றைக் கண்டது. செய்து வைத்த வெள்ளிக் கூழ்மம் நாளாக ஆக மனிதச் செல்லுக்கு அதிக நஞ்சாகிறது, காரணம் பாட்டிலுக்குள்ளேயே மெதுவாக நடக்கும் கரைதல். ஆகவே கட்டுரையில் துகள் செய்த தேதிக்கும் சோதனை செய்த தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுத வேண்டும். பாட்டிலை இருட்டில், குளிரில் வையுங்கள். செல்லில் விடும் நாளன்று அயனி எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

அயனிக்கு ஒப்பீடாக வெள்ளி நைட்ரேட் குழிகள் வைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அதே மீடியம், அதே சதவீத சீரம் (மீடியத்தில் சேர்க்கும், ரத்தத்தின் தெளிந்த பகுதி), அதே வெள்ளி எடை. செல் வளர்க்கும் மீடியத்தில் குளோரைடு 100 மில்லிமோலாருக்கு மேல் இருக்கிறது. வெள்ளி அயனி விழுந்தவுடன் கொஞ்சம் குளோரைடோடு சேரும், நிறைய சீரத்தின் புரதங்களில் உள்ள கந்தகத்தில் ஒட்டும். சீரம் 2 சதவீதமா 10 சதவீதமா என்பதைப் பொறுத்தே அதன் நச்சு மாறிவிடும். துகளுக்குச் சீரம் இல்லாத மீடியம், வெள்ளி நைட்ரேட்டுக்குச் சீரம் உள்ள மீடியம் என்று வைத்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

மீடியம் துகளையும் மாற்றும். சிட்ரேட் தங்கத்தைச் சீரம் இல்லாத மீடியத்தில் விட்டுப் பாருங்கள். சிவப்பு நிறம் கண்ணெதிரே ஊதாவாகி நீலமாகும். உப்பு சிட்ரேட்டின் மின்னூட்டத்தை மறைத்துவிட, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 16 நானோமீட்டர் துகளைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு மைக்ரான் அளவுக் கட்டிகளைச் சோதிப்போம். அந்தக் கட்டி செல்லின் மேல் நேராகப் படியும், சிறு துகள் மிதந்துகொண்டே இருக்கும், இரண்டிலும் செல்லுக்குப் போய்ச் சேரும் அளவு வேறு. முதலில் சீரத்தில் துகளைக் கலந்து, புரதம் போர்த்திய பிறகு மீடியத்தில் விட்டால் நிறம் பெரும்பாலும் நிற்கும். எப்படியானாலும் மீடியத்தில் கலந்த உடனேயும் 24 மணி நேரம் கழித்தும் உறிஞ்சல் நிறமாலை எடுத்துக் கட்டுரையில் போடுங்கள். தண்ணீரில் எடுத்த டிஎல்எஸ் எண்ணை (ஒளிச் சிதறலை வைத்து அளந்த துகள் அளவை) கொடுத்து, மீடியத்தில் செய்த சோதனையை விளக்குவது செல்லாது. கிருமி நீக்கத்துக்கு 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டீர்களென்றால், வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் உச்சியின் உயரத்தைப் பாருங்கள். துகளில் ஒரு பங்கு வடிகட்டியிலேயே தங்கியிருக்கலாம். ஆட்டோகிளேவில் வைக்க வேண்டாம், திரண்டுவிடும்.

இனி உங்கள் தங்கத்தின் 100 சதவீதத்தைத் தாண்டிய கதைக்கு வருவோம். எம்டிடி என்பது மோஸ்மன் 1983இல் கொடுத்த முறை. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்லின் நொதிகள் ஒடுக்கி ஊதா ஃபார்மசான் படிகமாக்கும், அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் ரீடிங் எடுப்போம். ஊதா அதிகம் என்றால் உயிருள்ள செல் அதிகம் என்று கொள்கிறோம். தங்கத் துகள் 520இல் உச்சி உள்ளது, திரண்டால் உச்சி 550, 600 என்று வலப்புறம் நகரும். குழியைக் கழுவினாலும் செல்லுக்குள் போன தங்கமும் செல்மேல் ஒட்டிய தங்கமும் அங்கேயே இருக்கும். அதன் நிறமும் ஃபார்மசான் நிறத்தோடு சேர்ந்து ரீடிங்கில் ஏறும். அளவைக் கூட்டக் கூட்ட ஏறுவது செல் இல்லை, தங்கத்தின் நிறம். இது ஒரு வழி.

இரண்டாவது வழி இலைச் சாறு. தங்க உப்பை ஒடுக்கத் தெரிந்த பாலிஃபீனால், எம்டிடி சாயத்தையும் ஒடுக்கும். செல்லே வேண்டாம். இதை இன்றைக்கே பார்த்துவிடலாம். செல் இல்லாத வெறும் குழியில் மீடியம், உங்கள் துகள், எம்டிடி மூன்றையும் விட்டு நாலு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து எடுங்கள். பக்கத்துக் குழியில் துகளுக்குப் பதில் அதே அளவு சாறு. ஊதா வந்ததென்றால் உங்கள் 100 சதவீதத்துக்கு மேற்பட்ட எண்ணுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இன்னும் மோசமான செய்தி, இதே ஊதா வெள்ளிக் குழிகளிலும் ஏறியிருக்கும். அங்கே செத்த செல்லை உயிருள்ளதாகக் காட்டி, உங்கள் ஐசி50ஐ உண்மையைவிட அதிகமாக்கியிருக்கும்.

ஆகவே 96 குழி பிளேட்டை இப்படிப் பிரியுங்கள். துகள் போட்ட ஒவ்வொரு அளவுக்கும் மூன்று துணைக் குழிகள் வேண்டும்: செல்லும் துகளும் இருந்து எம்டிடி இல்லாதது, துகளும் எம்டிடியும் இருந்து செல் இல்லாதது, செல் ஏற்கெனவே ஊதாவாக்கி முடித்த ஃபார்மசான் கரைசலில் துகளைக் கடைசியில் விட்டது. மூன்றாவதை யாரும் செய்வதில்லை. துகள் ஃபார்மசானைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொண்டு ரீடிங்கைக் குறைத்தால், அது அங்கேதான் தெரியும். எம்டிடி விடுவதற்கு முன் பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்து, உப்புக் கரைசலால் இரண்டு தடவை கழுவி, புது மீடியம் விட்டுச் செய்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். வேகமாகக் கழுவினால் சாகப் போகும் செல்லும் பிய்ந்து போய்விடும், பிப்பெட் நுனியைக் குழிச் சுவரில் சாய்த்து மெதுவாக விடுங்கள்.

எம்டிடி ஒன்றை மட்டும் நம்பி எழுதவும் கூடாது. வேறு வழியில் செல்லைப் பார்க்கும் இன்னொரு சோதனை துணைக்கு வேண்டும். பலர், செல் உடைந்தால் வெளியே கசியும் நொதியை அளக்கும் எல்டிஎச் கசிவுச் சோதனையைச் சேர்க்கிறார்கள். தங்கத்துக்குச் சரி, வெள்ளிக்கு ஆபத்து. வெள்ளி எல்டிஎச் நொதியையே முடக்கும். செல் உடைந்து நொதி வெளியே வந்தும் கசிவு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து "சவ்வு உடையவில்லை" என்று எழுதிவிடுவார்கள். ஃப்ளூரசன்ஸ் சாயங்களில் தங்கம் ஒளியை விழுங்கும். என் யோசனை, வெள்ளிக்கு, செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரைபான் நீலத்தில் நேராக எண்ணுவது, கூடவே ஒற்றைச் செல் பெருகிக் கூட்டமாகிறதா என்று பார்க்கும் காலனி உருவாகும் சோதனை. காலனிச் சோதனைக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும், ஆனால் கடைசியில் காலனியை எண்ணுகிறோம், துகளின் நிறம் அதில் தலையிட வழியில்லை. மருத்துவச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரத்தில், உயிருள்ள செல் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செல் நச்சு என்று கொள்கிறார்கள். அந்த எல்லையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், 90 சதவீதத்தில் நிற்கும் ஒன்றை "நச்சு" என்று எழுத வேண்டாம்.

எந்தச் செல் என்று நீங்கள் எழுதவில்லை. வெளி லேபிலிருந்து வந்த அறிக்கையில் கேபி என்றோ ஹெப்-2 என்றோ இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். கேபி வாய்ப்புற்றுநோய்ச் செல், ஹெப்-2 குரல்வளைப் புற்றுநோய்ச் செல், சாங் செல் இயல்பான கல்லீரல் செல் என்று இன்றும் எழுதுகிறார்கள். மூன்றும் ஹீலா செல்கள்தான். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்த ஹீலா, மற்ற லேப்களின் வளர்ப்புகளில் கலந்து அவற்றை அழித்துத் தானே வளர்ந்துவிட்டது. ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே பல செல் வரிசைகளைப் பற்றி இதை எச்சரித்தார். கேபியைக் கொன்று சாங் செல்லை விட்டுவைத்ததாகச் சொல்லி, "புற்றுநோய்ச் செல்லை மட்டும் தேர்ந்து கொல்கிறது" என்று முடிவு கட்டினால், ஹீலாவை ஹீலாவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து வாங்கிய செல்லானாலும் எத்தனையாவது தலைமுறை, எஸ்டிஆர் அடையாளம் (டிஎன்ஏ வழியாகச் செல் வரிசையை உறுதி செய்வது) பார்த்ததா, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இல்லையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மைக்கோபிளாஸ்மா கலந்திருந்தால் எம்டிடி ரீடிங்கே மாறும்.

துகள் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. தங்கம் பொதுவாகச் செல்லுக்குச் சாது என்று சொல்வது 15, 20 நானோமீட்டருக்குப் பொருந்தும். ஜெர்மனியின் ஆகன் நகர் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட வேலையில் 1.4 நானோமீட்டர் தங்கம் செல்லைக் கொன்றது, 15 நானோமீட்டர் தங்கம் பல மடங்கு கூடுதல் அளவிலும் கொல்லவில்லை. ஆகவே "தங்க நானோ துகள் பாதுகாப்பானது" என்று பொதுவாக எழுத இடமில்லை. எந்த அளவு, எந்தப் போர்வை, எந்தச் செல், எத்தனை மணி நேரம் என்று சேர்த்துத்தான் சொல்ல முடியும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அழகான ஐந்து துகளைக் காட்டுவதற்குப் பதில் இருநூறு துகளையாவது அளந்து பரவலைப் போடுங்கள். எடையில் பெரும்பங்கு 20 நானோமீட்டர் துகளாக இருந்து, 2 நானோமீட்டர் துகள் எடையில் கொஞ்சம் கலந்திருந்தாலும், எண்ணிக்கையில் சின்னதுதான் கூட்டமாக இருக்கும்.

புள்ளியியலில் ஒரு பிழை எல்லாரிடமும் இருக்கிறது. ஒரே நாள், ஒரே பிளேட், மூன்று குழி, "மூன்று முறை செய்தோம்" என்று எழுதுவது. அது ஒரு முறைதான். மூன்று குழிகள் உங்கள் பிப்பெட் கை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைச் சொல்லும், செல்லின் நடத்தையைச் சொல்லாது. வேறு வேறு நாளில், வேறு தலைமுறைச் செல்லில், முடிந்தால் வேறு தடவை செய்த துகளில் மூன்று முறை செய்து, அந்த மூன்று சராசரிகளைக் கொண்டு பிழைக்கோடு போடுங்கள். கோடு நீளமாகத்தான் வரும். வரட்டும்.

இப்போது உங்கள் கையில் உள்ளதை என்ன செய்வது? செலவில்லாதவற்றை முதலில் செய்யுங்கள். எக்ஸ்ரே வரைபடத்தில் வெள்ளி குளோரைடு உச்சி இருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்த தூளின் எடையை 9.7 மில்லிகிராமோடு ஒப்பிடுங்கள், செல் இல்லாத குழியில் துகளும் எம்டிடியும் விட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் முடியும். அப்புறம் வெளி லேபுக்குப் போகும்போது மாதிரிக் குப்பியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சாறு மட்டும், துகளை எடுத்த தெளிந்த நீர், அளந்த வெள்ளிக்குச் சமமான வெள்ளி நைட்ரேட், சிட்ரேட் தங்கம், இந்த நாலையும் தனித்தனிக் குப்பியில் பெயர் எழுதிக் கொடுங்கள். கொல்வது நிச்சயமான ஒரு மருந்தை, டாக்சோரூபிசின் மாதிரி, அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். சதவீதக் கணக்கோடு நிற்காமல், ஒவ்வொரு குழியின் மூல ரீடிங்கையும் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டிச் செய்யும் சோதனையில் அது உங்கள் உரிமை.

வெள்ளி நைட்ரேட் வளைகோடும் துகளின் வளைகோடும் அளந்த அயனி அளவில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், "வேப்பிலை வெள்ளியின் நச்சுத்தன்மையை அதிலிருந்து வரும் அயனியே விளக்குகிறது" என்று எழுதுங்கள், அது கண்டுபிடிப்புதான். தெளிந்த நீர் கொல்லாமல் துகள் மட்டும் கொன்றால், அயனி செல்லுக்குள்ளேயே வெளிவருகிறதா என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும், செல்லுக்குள் போன வெள்ளியை அளந்தால் அது தெரியும். தங்கத்தில் செல் இல்லாத குழி ஊதாவானால் அந்த வரைபடத்தைக் கட்டுரையிலிருந்து நீக்காதீர்கள். செல் உள்ள குழி, செல் இல்லாத குழி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, வேப்பிலைத் தங்கத்துக்கு எம்டிடி ஒத்துவராது என்று தலைப்பிட்டு அனுப்புங்கள்.